பதினேழாம் எண் பூட்டு

ஜபீன் முதலில் பார்த்தது பூட்டைத்தான். ஆளை அப்புறம்தான் பார்த்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன். பொன்னேரிக்குப் போகும் மின்ரயிலுக்காக நின்றிருந்தாள். பிளாட்பாரத்தின் கோடியில் தண்ணீர்க் குழாயை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்ச். அதன் காலில் ஒரு சங்கிலி சுற்றியிருந்தது. சங்கிலியின் மறுமுனை ஒரு நீலப் பையின் கைப்பிடிக்குள் நுழைந்து திரும்பியிருந்தது. இரண்டு முனையையும் ஒரு பித்தளைப் பூட்டு பிடித்துக்கொண்டிருந்தது. பூட்டின் வயிற்றில் 17 என்று குத்தியிருந்தது. ஏழு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அந்தச் சாய்ந்த ஏழை அவளுக்குத் தெரியும். புதுவாயல் கடைத்தெருவில் இரும்புக் கடைக்காரர் நாற்பத்தாறு பூட்டுகளில் எண் குத்தியபோது, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்தவள் அவள்தான்.

‘கூரை’ என்பது அவள் வேலை செய்த திட்டத்தின் பெயர். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் தங்க இடமில்லாதவர்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கும் திட்டம். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, பதினெட்டு முடிந்ததும் பையோடு வெளியே வந்தவர்கள் அதில் பாதிப் பேர். மீதிப் பேர் சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை செய்துகொண்டு ஸ்டேஷனிலும் லாரி ஷெட்டிலும் படுத்தவர்கள். ஆறு மாத வாடகையைத் திட்டம் கட்டும். கூடவே ஒரு பாய், ஒரு பக்கெட், எண் குத்திய ஒரு பூட்டு. பிறகு அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் மாதம் ஜபீன் போய், அவர்கள் இன்னும் அதே அறையில் இருக்கிறார்களா என்று பார்த்துப் படிவத்தில் எழுதுவாள். இருந்தால் 1. வேறு வீட்டுக்குப் போயிருந்தால் 2. மறுபடி தெருவுக்கு வந்திருந்தால் 3. அவள் புள்ளியியல் படித்தவள். திட்டம் பலித்ததா இல்லையா என்று சொல்வது அவள் பொறுப்பு.

பதினேழாம் எண்ணுக்கு எதிரே மார்ச் மாதம் 1 என்று எழுதியிருந்தாள்.

“இன்னாக்கா, பூட்ட மொறச்சிக்கினு நிக்கிற? தொறக்கணுமா?”

குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஸ்நேகா வந்தாள். இருபது வயது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“ஸ்நேகா... நீ புதுவாயல்ல இல்லையா? அந்த ரூம்?”

“ரூமு போச்சு. பூட்டு கீது.” அவள் சிரித்தாள். “நல்ல பூட்டுக்கா. ஒருத்தன் கல்ல வச்சி அடிச்சிப் பாத்தான். ம்ஹும்.”

“எப்போ போச்சு?”

“ஜனவரில மஞ்சக்காமால வந்துச்சு. கான்ட்ராக்டர் ‘ஒடம்பு சரியாயிட்டு வா’ன்னான். ஒடம்பு சரியாச்சு, வேல சரியாவல. ஏப்ரல்லேர்ந்து இங்கதான். வெள்ளரிக்காக் கூடைக்காரம்மாங்க நாலு பேரு படுக்குறாங்க. அவுங்க நடுவுல நான். போலீஸ்காரர் வந்தா ‘எங்க அக்கா பொண்ணு’ன்னு சொல்லிடுவாங்க.”

“எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாமே.”

ஸ்நேகா பாட்டிலின் மூடியைத் திருகினாள். “நீதான பன்னெண்டாம் மாசம் வரேன்னு சொன்ன? நானும் வருவ வருவன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

ரயில் வந்தது. “ஏறுக்கா, அடுத்த வண்டி லேட்டு” என்று ஸ்நேகாதான் அவளைத் தள்ளிவிட்டாள்.

கவரைப்பேட்டை தாண்டும்வரை ஜபீன் கையிலிருந்த பையை மடியில் வைக்கவே இல்லை. வந்தேனே, என்று நினைத்தாள். மார்ச் பதினாலாம் தேதி வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்தேன்.

புதிதாக ஓர் ஆளிடம் போய்ப் பேசுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. பழவேற்காட்டில் கடைக்கு அனுப்பினால்கூட, கடைக்காரராக நிமிர்ந்து பார்த்து என்ன வேண்டும் என்று கேட்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள். இந்த வேலையில் லைன் வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே வரிசையில் பத்துக் கதவு. வாசலில் பனியனோடு உட்கார்ந்து பல் தேய்க்கும் ஆண்கள். யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது? முதல் வாரமே ஒரு வழி கண்டுபிடித்தாள். கதவு திறந்திருந்தால் பேசித்தான் ஆக வேண்டும். பூட்டியிருந்தால், ஆள் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார். காலி செய்துவிட்டுப் போகிற ஆள் எதற்குப் பூட்டைத் தொங்கவிட்டுப் போக வேண்டும்? அலுவலகக் கூட்டத்தில் அதை ஒரே வரியாகச் சொன்னாள்: பூட்டு இருந்தால் ஆள் இருக்கு. அவள் வாய் திறந்து பேசியதே அபூர்வம் என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் துளசிராமன் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அப்படி இருபத்திரண்டு கதவுகளுக்கு 1 போட்டாள். படிவத்தின் முதல் கேள்வி, ‘நேற்று இரவு எங்கே தூங்கினீர்கள்?’ என்பது. அந்த இருபத்திரண்டு படிவங்களிலும் ‘அறையில்’ என்று அவளே எழுதினாள்.

மார்ச் பதினாலில் இன்னொன்றும் நடந்தது. அதை நினைக்காமலிருக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை நேராகப் புதுவாயலுக்குப் போய், ஆரோக்கியமேரியின் லைன் வீட்டுக்குள் நுழைந்தாள். ஸ்நேகாவுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரம்மா அவர். நாலாவது கதவில் ஒரு பூட்டு தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தாள். இரும்புப் பூட்டு. எண் எதுவும் இல்லை. தெருமுனையிலிருந்து பார்த்தால் பூட்டு, அவ்வளவுதான் தெரியும்.

“அது என் பூட்டு பாப்பா.” ஆரோக்கியமேரி முறத்தோடு வெளியே வந்தார். “உள்ள வாடக பாத்திரம் போட்டு வச்சிக்கீறேன். கல்யாணத்துக்கு உடறது. யாரு நீ, கூரைக்காரப் பொண்ணுதான?”

“ஆமாம்மா. ஸ்நேகாவப் பத்தி...”

“இப்ப வந்து கேக்குற பாரு.” அவர் முறத்தைக் கீழே வைத்தார். “அந்தப் பொண்ணு மேல தப்பு சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையா கெடந்துச்சு. கீழாநெல்லி அரைச்சிக் குடுத்ததே நான்தான். ரெண்டு மாசம் வாடக வரல. நானும் இந்த நாலு ரூம வச்சித்தான் சோறு துன்றேன். மார்ச்சு பொறந்ததும் ரூம காலி பண்ணச் சொல்லிட்டு, ‘என் கூடத்துல படுத்துக்கோ, உங்க ஆபீஸ்காரங்க வரட்டும்’னேன்.”

“மார்ச்சுல உங்க வீட்லதான் இருந்தாளா?”

“முப்பது நாளும் இருந்துச்சு. உங்காளுங்க யாராச்சும் வந்து, ரெண்டு மாச வாடகையக் கட்டிடுறோம்னு ஒரு வார்த்த சொன்னா போதும், ரூமத் திரும்பக் குடுத்துடலாம்னு இருந்தேன். நீகூட வந்தியே. அதோ, அந்த முனையில நின்னு பாத்துட்டு எழுதிக்கினு போன. நான் கூப்ட்டேன். ‘ஏம்மா பொண்ணு, கூரைக்காரம்மா’ன்னு ரெண்டு வாட்டி கத்துனேன். லாரி போச்சு. உன் காதுல உழல போல.”

ஜபீன் அந்தத் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

காதில் விழுந்தது. இரண்டு முறையும் விழுந்தது. பெரிய குரல். நின்றால் உள்ளே கூப்பிடுவார்கள், உட்காரச் சொல்வார்கள், அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், ஏதாவது கேட்பார்கள், பதில் தெரியாது. பொன்னேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு நடந்தாள். படிவத்தை நடந்துகொண்டேதான் மூடினாள். அன்று பொன்னேரி பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது.

“லாரி சத்தம்மா” என்றாள்.

“அதான் சொல்றேன்.” ஆரோக்கியமேரி முறத்தை எடுத்துக்கொண்டார். “நாஷ்டா ஆச்சா? மூஞ்சே செத்துக் கெடக்குது.”

அலுவலகம் புதுவாயல் கூட்ரோட்டிலேயே, ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. துளசிராமன் அன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தார். சனிக்கிழமை சென்னையிலிருந்து விக்டோரியா மேடம் வருகிறார். திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளையில் முடிவு எடுப்பவர் அவர். நாற்பத்தாறு பேரில் நாற்பது பேர் ஒரு வருடம் கழித்தும் அறையில் இருக்கிறார்கள், எண்பத்தேழு சதவீதம் என்று அவருக்கு எழுதியாகிவிட்டது. ஆறு மாத வாடகையே போதும், அடுத்த வருடம் அறுபது பேருக்குக் கொடுக்கலாம் என்று அவரும் பதில் எழுதிவிட்டார். அறுபது பெயரும் தயார்.

“சார், எண்பத்தேழு இல்ல சார்.”

“கூடவா?”

“தப்பு சார்.”

ஸ்டேஷனில் பார்த்ததைச் சொன்னாள். நாலாவது கதவில் தொங்கும் இரும்புப் பூட்டைச் சொன்னாள். கூப்பிட்ட குரலைச் சொல்லவில்லை.

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றினார். “தட்டிப் பாக்கலையா?”

“பூட்டின கதவ எப்படி சார் தட்டுறது?”

“பக்கத்து வீட்ட தட்டலாமேம்மா!” அவர் குரல் உயர்ந்து உடனே தாழ்ந்தது. “பூட்டு இருந்தா ஆள் இருக்குன்னு நீதானே சொன்ன? நான் போற மீட்டிங்ல எல்லாம் அதைச் சொல்லிக்கினு வந்தேன். எங்க பொண்ணு கண்டுபிடிச்ச முறைன்னு பெருமையா சொன்னேன்.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“இப்ப எவ்ளோன்னு சொல்ற?”

“தெரியல சார். நாலு நாள் குடுங்க. போய்ப் பாத்துட்டு வரேன்.”

“கம்மியா வந்தா அவங்க மூட்டை கட்டிடுவாங்க. அது தெரியும்ல? அறுபது பேர் காத்துக்கினு இருக்காங்க.” கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். “போ. போய்ப் பாரு. பாக்காதன்னு நான் எப்படிச் சொல்றது.”

செவ்வாய் மத்தியானத்திலிருந்து வெள்ளி சாயங்காலம் வரை இருபத்திரண்டு கதவுகளுக்கும் போனாள். முதல் கதவில், தூக்கத்திலிருந்து எழுந்து பின்பக்கம் போய்த் திரும்பிய இளைஞன் ஒருவன் பூட்டைத் திறந்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவன். எண் குத்திய பூட்டுதான். “இன்னா மேடம், ஒரு வருசம் கழிச்சி மொதோ வாட்டி எங்கூட்டுக்கு வரீங்க” என்று பாயை உதறிப் போட்டான். இன்னொரு கதவுக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டைகள் இருந்தன. இன்னொன்றில் இரண்டு ஆடுகள். ஓரிடத்தில் எண் குத்திய பூட்டுதான் தொங்கியது. ஆனால் திறந்தவர் ஒரிசாக்காரர். பூட்டு அறையோடு வந்தது என்று சைகையில் சொன்னார்.

எல்லா இடத்திலும் யாராவது ஒருவருக்கு விவரம் தெரிந்திருந்தது. குழாயடியில், பெட்டிக்கடையில், எதிர்வீட்டில். கேட்டால் சொன்னார்கள். கேட்காததையும் சொன்னார்கள். ஒரு பாட்டம் பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அது இவ்வளவு எளிதாக இருந்ததுதான் அவளை அதிகம் உறுத்தியது. ஒவ்வொரு வாசலிலும் பேசி முடித்துத் திரும்பும்போது, மார்ச் மாதத்தில் இதே வாசலில் இதே ஐந்து நிமிடம் இருந்ததே என்று தோன்றியது.

இருபத்திரண்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். பதின்மூன்று பேர் இல்லை. போனவர்கள் பெரும்பாலும் திட்டம் கட்டிய வாடகை நின்ற பிறகு இரண்டு மூன்று மாதத்தில் போயிருந்தார்கள். ஒரு காய்ச்சல், ஒரு கான்ட்ராக்ட் முடிவு, அவ்வளவுதான் தேவைப்பட்டிருந்தது. நாற்பத்தாறில் இருபத்தேழு. ஐம்பத்தொன்பது சதவீதம். வெள்ளிக்கிழமை வீட்டில் சோறு போட்டு வைத்ததைத் தொடாமல் அந்தக் கணக்கை மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அதேதான் வந்தது.

சனிக்கிழமை விக்டோரியா மேடம் வந்தார். நூல் புடவை, குட்டை முடி, மெதுவான பேச்சு. துளசிராமன் வரவேற்றுப் பேசிவிட்டு, “ஜபீன் ஒரு திருத்தம் சொல்லணும்கிறாங்க” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அவர் அவளுக்காக ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஜபீன் எழுந்தாள். எழுதி வைத்திருந்த தாளைப் படிக்கப் பார்த்தாள். முதல் வரியைத் தாண்டவில்லை. தாளை அப்படியே மேடத்திடம் நீட்டினாள்.

அவர் நிதானமாகப் படித்தார். “இருபத்திரண்டு பேர்ல ஒருத்தரைக்கூடப் பாக்கலையா?”

“இல்ல மேடம். பூட்டைப் பாத்தேன்.”

“ஏன்?”

தயார் செய்து வைத்திருந்த பதில் ஷிஃப்ட் நேரங்களைப் பற்றியது. அது வரவில்லை. “பேசக் கூச்சம் மேடம்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

மேடம் திட்டத்தை மூடவில்லை. தாளில் இருந்த மாதக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஏழாம் மாதத்திலிருந்துதான் விழுகிறார்கள் என்றால் ஆறு மாதம் போதாது, ஒரு வருடம் கொடுக்க வேண்டும் என்றார். நோயில் விழுந்து அறையை விட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் சேர்த்தார். ஆனால் பணம் அதே பணம்தான். ஆகவே அறுபது பேர் இல்லை, முப்பது பேர்.

அவர் கார் ஏறிப் போனதும் துளசிராமன் பெயர்ப் பட்டியலை அவள் மேஜையில் வைத்தார். கோபமாக வைக்கவில்லை.

“எந்த முப்பதுன்னு நீயே பாத்துடும்மா” என்றார்.

அறுபது பெயரில் பலரின் முகம் அவளுக்குத் தெரியும். சோழவரத்தில் லாரி ஷெட்டில் படுக்கும் அண்ணன் தம்பி. பெரியபாளையம் கோவில் வாசலில் வேப்பிலை விற்கும், ஆறு மாதக் கர்ப்பிணிப் பெண். பேனாவை எடுத்தாள். வைத்தாள். மார்ச்சிலேயே தட்டியிருந்தால் இந்தப் பட்டியலை முப்பதாகவே எழுதியிருப்பார்கள். இவர்களில் பாதிப் பேரிடம் அறை கிடைக்கும் என்று அவளே போய்ச் சொல்லியிருக்க மாட்டாள். வீடு வீடாகப் போக வேண்டியிராததால் கூச்சப்படாமல், அறுபது பேரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்து, எல்லோருக்கும் அறை உண்டு என்று சொல்லியிருந்தாள்.

பட்டியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினாள்.

ஸ்நேகா பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சங்கிலியும் பூட்டும் அதே இடத்தில் இருந்தன.

“வாக்கா. இன்னிக்கி யார முறைக்க வந்த?”

ஜபீன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து மார்ச் மாதப் படிவத்தை எடுத்து மடியில் வைத்தாள். 1 என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி, அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னாள். பிறகு பேனாவால் அதை அடித்து 3 என்று எழுதினாள்.

ஸ்நேகா எட்டிப் பார்த்தாள். “அப்ப இத்தினி நாளு நான் பாஸா?”

“ம்.”

“இப்ப ஃபெயிலா?”

“நான்தான் ஃபெயில்” என்றாள் ஜபீன்.

“சும்மா இருக்கா, டயலாக் உடாத.” பன்னின் மீதியை வாயில் போட்டுக்கொண்டாள். “பாஸாவே உட்டிருக்கலாம்ல? உங்க பேப்பர்லயாச்சும் நான் ரூமுல இருந்திருப்பேன்.”

ஜபீன் சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்ததைச் சொன்னாள். “மார்ச்ல நான் வந்தேன் ஸ்நேகா. தெருமுனை வரைக்கும். மேரியம்மா கூப்ட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி போயிட்டேன்.”

ஸ்நேகா மெல்லுவதை நிறுத்தினாள். டீ கிளாஸை பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். ஆந்திரா பக்கம் போகும் சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாகக் கடந்து போனது.

“அன்னிக்கி உள்ளதான் இருந்தேன்” என்றாள் ஸ்நேகா. “அந்தம்மா கத்துனது எனக்கும் கேட்டுச்சு. எழுந்து வர முடியல. ‘போய்டுச்சுடி’ன்னு வந்து சொல்லிச்சு. வேற யாரோ போலன்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஜபீன் அதற்காகக் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“ஃபெயில்னா அரியர் எழுதலாமா?” ஸ்நேகா கேட்டாள். முகத்தைத் திருப்பாமல்தான் கேட்டாள்.

“எழுதலாம். ஒடம்பு சரியில்லாம விட்டவங்க மறுபடி கேக்கலாம்னு இருக்கு. ஆனா கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது. முப்பது பேர்தான்.”

“சொல்ல முடியாதுன்னா சொல்லாத. எழுது.”

ஜபீன் புதிய படிவம் ஒன்றை எடுத்து எழுதும் அட்டையில் செருகினாள். பெயர், வயது, பூட்டு எண். பிறகு முதல் கேள்வி. இருபத்திரண்டு பேருக்கு அவளே பதில் எழுதிய கேள்வி.

“நேத்து ராத்திரி எங்க தூங்கின?”

“தெரியாத மாதிரி கேக்குற.”

“நீ சொல்லணும். சொன்னாதான் எழுதணும்.”

ஸ்நேகா பெஞ்சின் மேல் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். “இங்க. தல அந்தப் பக்கம், காலு இந்தப் பக்கம். நடுவுல ஒரு வாட்டி எழுப்பி உட்டாங்க. அதையும் எழுது.”

ஜபீன் அதையும் எழுதினாள்.